எழுத்துக்கு நிறம் தெரிந்தால் கலைஞராகிவிடலாமா?

சிலருக்கு 5 என்ற எண் பச்சை. கறுப்பு மையில்தான் அச்சாகியிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பார்த்த கணமே பச்சையும் கூடவே வந்து நிற்கும். வேறு சிலருக்குச் செவ்வாய்க்கிழமை என்றதும் ஒரு நிறம், வயலின் ஒலித்தால் ஒரு கோடு, யாராவது ஒரு பெயரைச் சொன்னால் நாக்கில் ஒரு சுவை. ஒரு புலனைத் தொட்டால் இன்னொன்றும் சேர்ந்து விழித்துக்கொள்ளும் இந்த நிலைக்குச் சினஸ்தீசியா என்று பெயர். புலனிணைவு என்று தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வரும்: இப்படிப்பட்டவர்கள் பிறவிக் கலைஞர்கள் என்று. எழுத்தாளர் நபோகோவ், ஓவியர் கண்டின்ஸ்கி, இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் என ஒரு பெயர்ப் பட்டியலையும் நீட்டுவார்கள். அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிட முடியாது. நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை, சொல்லப்படும் விதத்திலும் இல்லை.

எது சினஸ்தீசியா, எது இல்லை

இரண்டு பக்கங்கள் இதற்கு உண்டு. கிளப்பிவிடுவதைத் தூண்டல் என்போம். கூட வருவதைத் துணையுணர்வு என்போம். எழுத்தைப் பார்த்தால் நிறம் வருகிறது என்றால் எழுத்து தூண்டல், நிறம் துணையுணர்வு. இந்த இரண்டும் எப்படி வேண்டுமானாலும் சோடி சேரலாம் என்பதால் வகைகள் பல. எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறம், கிழமைக்கும் மாதத்துக்கும் நிறம், ஒலிக்கு நிறமும் வடிவமும், சொல்லுக்குச் சுவை, எண்களுக்கு ஆண் பெண் என்றும் நல்லவன் கெட்டவன் என்றும் குணம். வருடத்தின் 12 மாதங்களும் உடலைச் சுற்றி ஒரு வளையமாக நிற்பதாக உணர்கிறவர்களும் உண்டு. லண்டன் சுரங்க ரயில் நிலையப் பெயர் ஒவ்வொன்றும் தன் நாக்கில் என்ன சுவையாக வருகிறது என்பதை ஜேம்ஸ் வானர்ட்டன் என்பவர் ஒரு முழு வரைபடமாகவே போட்டுக் காட்டியிருக்கிறார்.

உண்மையான சினஸ்தீசியாவுக்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. அது தானாக வரும். வரவழைக்க வேண்டியதில்லை, தடுக்கவும் முடியாது. ஆண்டுக்கணக்கில் மாறாது. நினைவு தெரிந்த நாள் முதல் இருக்கும். துல்லியமாகவும் இருக்கும்: ‘ஏதோ நீலம்’ என்று சொல்லமாட்டார்கள், நிறத் தட்டில் குறிப்பிட்ட ஒரு நீலத்தைத் தேடி, அது கிடைக்காவிட்டால் எரிச்சல்படுவார்கள். பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான். 5 பச்சையாகத் தெரியும் என்பதற்காகப் பச்சை இலையைப் பார்த்தால் 5 வந்து நிற்காது.

நிறம் எங்கே தெரிகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. தாளில் எழுத்தின் மேலேயே நிறம் படிந்திருப்பதாகச் சொல்கிறவர்கள் குறைவு. மனக்கண்ணில் தெரிகிறது என்றோ, பார்க்கவில்லை, ஆனால் இன்ன நிறம் என்று ‘தெரியும்’ என்றோ சொல்கிறவர்களே அதிகம். சினஸ்தீசியா இருந்தும் அப்படி ஒன்று தனக்கு இருப்பதே தெரியாமல் பலர் காலம் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது.

‘காரமான பேச்சு’, ‘கனத்த குரல்’, ‘கூர்மையான பார்வை’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இவை உருவகங்கள். காரமான பேச்சைக் கேட்டு யாருக்கும் நாக்கு எரிவதில்லை. சொல்லுக்குச் சுவை வரும் சினஸ்தீசியாவிலோ நாக்கில் உண்மையாகவே சுவை வரும்; அதுவும் சொல்லின் பொருளுக்குச் சற்றும் பொருந்தாத சுவையாக இருக்கும். எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருளில் வரும் ஒலி–நிறக் கலப்பும் இதில் சேராது. அது மருந்தின் வேகம் இறங்கியதும் போய்விடும். அதே ஒலிக்கு அதே நிறம் என்ற நிலைத்தன்மையும் அதில் இல்லை.

இது நோயில்லை, சிகிச்சையும் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சிறுவயதில் இல்லாமல் நடுவயதில் திடீரென்று இப்படி ஏதாவது தொடங்கினால், கண், நரம்பு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பார்வை இழப்பு, பக்கவாதம், தலையில் அடி இவற்றுக்குப் பிறகு இது தோன்றுவதுண்டு.

எத்தனை பேருக்கு இருக்கிறது? 1990களில் 2000 பேருக்கு ஒருவர் என்றும், ஆண் ஒருவருக்குப் பெண் ஆறு பேர் என்றும் எழுதினார்கள். நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தாமாக முன்வந்தவர்களை எண்ணிய கணக்கு அது. 2006இல் ஜூலியா சிம்னர் குழுவினர் பிரிட்டனில், தாமாக வந்தவர்களை எண்ணாமல், கிடைத்த கூட்டம் முழுவதையும் சோதித்துப் பார்த்தபோது எல்லா வகையும் சேர்த்து 4.4% என்று வந்தது. எழுத்துக்கு நிறம் தெரிகிறவர்கள் மட்டும் 100க்கு ஒருவருக்குச் சற்று மேல். ஆண் பெண் வேறுபாடு காணாமல் போயிற்று. இந்தச் சின்னப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படைப்பாற்றல் ஆய்வுகளைப் படிக்கும்போது இதேதான் மறுபடியும் வந்து இடறும்.

மூளையில் என்ன நடக்கிறது

இரண்டு விளக்கங்கள் அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து 2001இல் முன்வைத்தது. எழுத்து வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் வி4 என்ற பகுதியும் மூளையின் அடிப்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் வெட்டிவிடப்பட வேண்டிய இணைப்புகள் சிலருக்குத் தங்கிவிடுவதால் ஒன்று இன்னொன்றைத் தூண்டுகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டாவது விளக்கம், இணைப்புகள் எல்லோருக்கும் ஒன்றேதான், மேலிருந்து கீழே திரும்பி வரும் தகவலை அடக்கிவைக்கும் பிடி மட்டும் சிலரிடம் தளர்ந்திருக்கிறது என்கிறது. மூளைப் படங்கள் இரண்டுக்கும் சான்று தருவதாகச் சொல்லப்பட்டன. ஆனால் 2015இல் ஜான்-மிஷெல் யூப்பேயும் மிஷெல் டோஜாவும் அந்தப் படங்களையெல்லாம் ஒருசேரப் பரிசீலித்து, உறுதியான மூளை அடையாளம் ஒன்றுமே தேறவில்லை என்று எழுதினார்கள். ஆக, ‘மூளை வயரிங் வேறு’ என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

பரம்பரையில் வருகிறது என்பது பிரான்சிஸ் கால்ட்டன் 1880களிலேயே கவனித்த விஷயம். ஆனால் பரம்பரையில் வருவது ‘நிறம் ஒட்டும்’ போக்கு மட்டுமே. எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்பதில் தாயும் பிள்ளையும் ஒத்துப்போக வேண்டியதில்லை. சூழலும் அதில் கை வைக்கிறது. அமெரிக்காவில் 6588 பேரின் எழுத்து நிறங்களை 2015இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 6% பேருக்குப் பத்து எழுத்துகளாவது ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் காந்த எழுத்துப் பொம்மையின் நிறங்களோடு பொருந்தின. அந்தப் பொம்மை கடைக்கு வந்ததை அடுத்த பத்தாண்டில் பிறந்தவர்களில் இது 15% வரை போயிற்று. அதாவது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பொம்மையிலிருந்து மூளை நிறத்தை எடுத்து நிரந்தரமாக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ் எழுத்துகளை வைத்துச் சோதிப்பது எப்படி

ஒருவர் ‘எனக்கு எழுத்தெல்லாம் நிறமாகத் தெரிகிறது’ என்று சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. மாறாத்தன்மையை அளக்கிறார்கள். சைமன் பாரன்-கோஹன் குழு 1993இல் செய்த சோதனையில், சினஸ்தீசியா உள்ளவர்கள் ஓராண்டுக்குப் பிறகும் 92% அதே விடையைச் சொன்னார்கள். இல்லாதவர்கள் ஒரு வாரத்திலேயே 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். 2007இல் டேவிட் ஈகிள்மேன் குழு இதைக் கணினிச் சோதனையாக மாற்றியது: ஒவ்வோர் எழுத்தும் மூன்று முறை, வரிசை கலைத்து வரும், ஒவ்வொரு முறையும் நிறத் தட்டிலிருந்து நிறம் எடுக்க வேண்டும். அதன் முறையைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி வீட்டிலேயே செய்யலாம்.

அ முதல் ஔ வரை 12, க முதல் ன வரை 18, 0 முதல் 9 வரை 10 என 40 சீட்டுகள். மெய்யெழுத்துகளைப் புள்ளி இல்லாமல் க, ங, ச என்றே எழுதுங்கள்; சிலருக்குப் புள்ளியும் கொம்பும் தனி நிறம் காட்டிக் குழப்பும். எல்லாம் கறுப்பு மையில், ஒரே அளவில், ஒரே எழுத்துருவில் இருக்கட்டும். சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, கைபேசியின் வரைபடச் செயலியில் உள்ள நிறத் தட்டில் நிறத்தைத் தேர்ந்து, அது காட்டும் சிவப்பு, பச்சை, நீல எண்களைக் (0 முதல் 255 வரை) குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பதை இன்னொருவர் செய்தால் நல்லது. முந்தைய விடை கண்ணில் படக் கூடாது. மூன்று சுற்று, மொத்தம் 120 விடை. நிறம் வராத எழுத்துக்கு ‘இல்லை’ என்று எழுதுவதே சரியான விடை. கற்பனை செய்து நிரப்ப வேண்டாம்.

கணக்கு எளிது. ஓர் எழுத்தின் மூன்று விடைகளையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, மூன்று எண்களின் வித்தியாசங்களையும் கூட்டி, 255ஆல் வகுக்க வேண்டும். க என்ற எழுத்துக்கு ஒருவர் 200, 30, 40 என்றும், பிறகு 210, 40, 40 என்றும், மூன்றாவதாக 190, 30, 60 என்றும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் 20. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 50. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 30. கூட்டினால் 100, வகுத்தால் 0.39. மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே சிவப்பு. இன்னொருவர் 200, 30, 40 என்று சிவப்பையும், 200, 120, 40 என்று ஆரஞ்சையும், 90, 30, 160 என்று ஊதாவையும் கொடுத்தால் கூட்டுத்தொகை 640; மதிப்பெண் 2.51. மூன்று முறையும் நிறம் வந்த எழுத்துகளை மட்டும் எடுத்து இப்படிக் கணக்கிட்டுச் சராசரி பாருங்கள். ஆங்கில எழுத்துச் சோதனையில் 1க்குக் கீழே வந்தால் சினஸ்தீசியா என்று கொள்கிறார்கள். இல்லாதவர்கள் 2ஐ ஒட்டி வருவார்கள். தமிழுக்கு அதை ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தப்பும்? எல்லா எழுத்துக்கும் கறுப்பே கொடுத்தால் மதிப்பெண் 0 வரும். அது சினஸ்தீசியா அல்ல, சோதனையின் ஓட்டை. ஆகவே விடைகளில் நிறங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கைபேசியில் இரவு நேர மஞ்சள் ஒளி வடிகட்டி இயங்கிக்கொண்டிருந்தால் நிறமே மாறிவிடும், அணைத்துவிடுங்கள். நிறத் தட்டு எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் கை அந்த இடத்தை நினைவு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வேறு நிறத்திலிருந்து தொடங்குங்கள். நினைவாற்றல் நல்லவர் ஒரே நாளில் மூன்று சுற்றையும் மனப்பாடமாகவே முடித்துவிடுவார் என்பதால், ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு சுற்று வைத்தால்தான் நம்பலாம். சிறு குழந்தைகளிடம் இந்தச் சோதனை சரிவராது. 6, 7 வயதில் சினஸ்தீசியா உள்ள குழந்தைக்கே எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நிறம் நிலைத்திருக்கும். அடுத்த ஆண்டு பாதிக்கு வரும். 10, 11 வயதில் பத்துக்கு ஏழு. நிறம் மெல்ல மெல்லத்தான் இறுகுகிறது.

படைப்பாற்றல்: எண்கள் சொல்வது

இப்போது கேள்விக்கு வருவோம். 1989இல் ஜார்ஜ் டோமினோ 358 நுண்கலை மாணவர்களிடம் கேட்டபோது 84 பேர், அதாவது 23%, தங்களுக்குச் சினஸ்தீசியா உண்டு என்றார்கள். பொதுமக்களில் 4.4% என்பதோடு ஒப்பிட்டால் இது மலைக்கவைக்கும் எண். ஆனால் அவர் கேட்டதோடு சரி. மாறாத்தன்மைச் சோதனை வைக்கவில்லை. ‘இசையைக் கேட்டால் உங்களுக்கு நிறம் தெரியுமா?’ என்று ஓவிய மாணவரைக் கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லும் ஆசை இயல்பாகவே வரும். 2010இல் சுவிட்சர்லாந்தில் ரோத்தனும் மையரும் 99 கலை மாணவர்களையும் 96 பிறரையும் முறையாகச் சோதித்தபோது 7% என்றும் 2% என்றும் வந்தது. கலை மாணவர்களிடம் அதிகம்தான். ஆனால் 23% எங்கே, 7% எங்கே.

மறுபக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். 2005இல் ஆஸ்திரேலியாவில் அனினா ரிச் குழுவினர் 192 சினஸ்தீசியர்களின் தொழிலைக் கேட்டபோது 24% பேர் கலைத்துறையில் இருந்தார்கள். நாட்டின் பொதுக்கணக்கில் அது 2%. ஆனால் சினஸ்தீசியா ஆய்வு என்று அறிந்து முன்வந்தவர்கள் அவர்கள். தன் புலன்களைப் பற்றி யோசித்து, அதைப் பேச ஆர்வமும் காட்டுகிறவர் கலைஞராக இருக்க வாய்ப்பு அதிகம். வங்கிக் கணக்காளருக்கு 5 பச்சையாக இருந்தாலும் அவர் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்.

இந்த விஷயத்தில் படிக்கத்தக்க ஆய்வு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், 2008இல் ஜேமி வார்ட் குழுவினர் செய்ததைச் சொல்லலாம். கலையில் ஈடுபடுவதையும், படைப்பாற்றல் தேர்வில் மதிப்பெண் எடுப்பதையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 82 சினஸ்தீசியர்கள் கலந்துகொண்டார்கள். இரண்டு வகைத் தேர்வுகள். ஒன்றில் மூன்று சொற்கள் தந்து மூன்றோடும் சேரும் நான்காவதைக் கேட்பார்கள். தமிழில் சொன்னால் ‘இள, கண், மழை’ என்று கொடுத்தால் ‘நீர்’ என்று பிடிக்க வேண்டும். சிதறிக் கிடப்பதை ஒரு புள்ளிக்குக் கொண்டுவரும் திறன் இது. மற்றதில் ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று அடுக்கச் சொல்வார்கள். ஒரு புள்ளியிலிருந்து பல பக்கமும் பாயும் திறன். பொதுவாக ‘படைப்பாற்றல்’ என்றதும் நாம் நினைப்பது இந்த இரண்டாவதைத்தான். முதல் தேர்வில் சினஸ்தீசியர்கள் முந்தினார்கள், இரண்டாவதில் முந்தவில்லை. கலைக்கு அதிக நேரம் கொடுத்தவர்கள்தான் அதிக மதிப்பெண் எடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: இசையைக் கேட்டால் நிறம் வருகிறவர்கள்தான் வாத்தியம் வாசிப்பதில் அதிகம் காணப்பட்டார்கள். இது முக்கியம், கீழே மறுபடியும் வரும்.

2016இல் பிரான்சில் சன், யூப்பே இருவரும், தாமாக வந்தவர்களை விட்டுவிட்டு முறையாகத் தேடிச் சேர்த்த 65 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். சில அளவுகளில் சினஸ்தீசியர்கள் சற்று மேலே இருந்தார்கள்: புதிய அனுபவங்களுக்கு மனம் திறந்திருப்பது, ஒன்றில் தோய்ந்துபோவது, மனக்காட்சி. ஆனால் வித்தியாசம் முந்தைய ஆய்வுகள் காட்டியதைவிடச் சிறியது. முன்பு மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்பது அவர்களே எழுதிய கருத்து.

தொடர்பு எங்கிருந்து வருகிறது

ராமச்சந்திரன் சொன்ன காரணம் கவர்ச்சியானது. மூளையில் தொலைவில் உள்ளவற்றை இணைக்கும் போக்கு பொதுவாகவே அதிகமாக இருந்தால், எழுத்தும் நிறமும் இணைவதுபோலக் கருத்தும் கருத்தும் இணையும், உருவகம் சுரக்கும். அப்படியானால் செங்கல் தேர்விலும் சினஸ்தீசியர்கள் வெளுத்துவாங்கியிருக்க வேண்டும். நடக்கவில்லை. பல வகைச் சினஸ்தீசியா உள்ளவர், ஒரே வகை உள்ளவரைவிடப் பெரிய படைப்பாளியாகவும் இருக்க வேண்டும். அதுவும் காணோம்.

குணம் என்பது இன்னொரு காரணம். திறந்த மனமும் தோய்ந்துபோகும் இயல்பும் உள்ளவர்கள், சினஸ்தீசியா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலைப் பக்கம் சாய்கிறார்கள். சினஸ்தீசியர்களிடம் இந்தக் குணம் சற்று அதிகம் என்பதே தொடர்பில் ஒரு பகுதியை விளக்கிவிடும்.

ஆனால் வலுவாக நிற்பது மூன்றாவது காரணம், மிகச் சாதாரணமானதும்கூட: உணர்வே ஆசையைத் தருகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் வருகிற குழந்தைக்கு வாத்தியப் பயிற்சி அலுப்பாக இருக்காது. மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் அதிகம் உட்காரும். இசை–நிறக்காரர்கள் வாத்தியத்தில் அதிகம் இருந்தார்கள் என்ற வார்டின் முடிவு இதோடு பொருந்துகிறது. பொதுவான படைப்புச் சக்தி என்று ஒன்று கூடியிருந்தால் அது எல்லாப் பக்கமும் தெரிந்திருக்கும். இதுவோ தூண்டல் எங்கே இருக்கிறதோ அங்கேயே தெரிகிறது. சினஸ்தீசியா கையில் மூலப்பொருளைத் தருகிறது, அதோடு விளையாடும் ஆவலையும் தருகிறது. கைத்திறனைத் தருவதில்லை.

இதற்குச் சாட்சியாக ஒருவரைச் சொல்லலாம். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா பல ஆண்டுகள் கவனித்து எழுதிய சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி. ஐந்து புலனும் கலந்த சினஸ்தீசியா. நம்ப முடியாத நினைவாற்றல். ஐஸ்கிரீம் விற்ற பெண்ணின் குரல் கரிக்கட்டிகளாகக் கொட்டுவதாகத் தெரிந்ததால் ஐஸ்கிரீமே வாங்க முடியாமல் போனவர். அவர் கவிஞராகவில்லை. கவிதை படிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது: ஒவ்வொரு சொல்லும் ஒரு காட்சியைக் கிளப்பி, அடுத்த சொல்லின் காட்சியோடு மோத, உருவகத்தின் பொருள் நடுவில் நழுவிவிடும்.

அந்தப் பெயர்ப் பட்டியல்

விளாதிமிர் நபோகோவ் பட்டியலில் உறுதியாக இருக்கலாம். சிறுவயதில் எழுத்துக் கட்டைகளின் நிறமெல்லாம் தப்பு என்று தாயிடம் சொன்னதையும், தாய்க்கும் அதே இயல்பு இருந்ததையும், எழுத்துக்கு எழுத்து நிறத்தையும் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆங்கில ‘ஏ’க்கும் பிரெஞ்சு ‘ஆ’வுக்கும் வேறு நிறம் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியம். வானவில்லின் நிறங்களை ஏழு ஆங்கில எழுத்துகளால் கோத்து, வாயில் நுழையாத ஒரு சொல்லையும் செய்து வைத்திருந்தார். ஒலிவியே மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரும் அப்படியே. தன் சுர அடுக்குகளின் நிறங்களை, நீல ஊதாப் பாறைமேல் சிறு சாம்பல் கட்டிகள் என்பதுபோல அமைப்போடு விவரித்தார். 1963இல் எழுதிய ஒரு படைப்பில் இசைத்தாளிலேயே நிறப் பெயர்களைக் குறித்துவைத்தார்.

அலெக்சாந்தர் ஸ்க்ரியாபின் விஷயம் வேறு. 1910இல் எழுதிய ‘புரோமித்யூஸ்’ இசையில் ஒளி வாத்தியத்துக்கென்று தனி வரியே இருக்கிறது. ஆனால் அவருடைய நிறங்களை இசையின் ஐந்தாம் சுர வட்டத்தில் (ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்து அதிலிருந்து ஐந்தாவது சுரம் வரும்படி அடுக்கிய வட்டம்) வரிசையாக வைத்தால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வானவில் ஒழுங்கில் வருகின்றன. உண்மையான சினஸ்தீசியாவில் இப்படிப்பட்ட ஒழுங்கு கிடைப்பது அரிது. அது கோணல்மாணலாக, காரணமில்லாமல் இருக்கும். பிரம்மஞான (தியோசாபி) ஈடுபாட்டோடு யோசித்துக் கட்டிய முறையாகவே இதைப் பலர் பார்க்கிறார்கள். கண்டின்ஸ்கி பற்றி இன்னும் வாதம் ஓயவில்லை. உயிரெழுத்துகளுக்கு நிறம் சொல்லிக் கவிதை எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் ரெம்போ, அந்த நிறங்களைத் தானே புனைந்ததாகவே பிறகு எழுதினார். நம் பக்கத்தில் நாட்டியசாஸ்திரம் ரசங்களுக்கு நிறம் வகுத்திருக்கிறது: ரௌத்திரத்துக்குச் சிவப்பு, ஹாஸ்யத்துக்கு வெண்மை. அதுவும் மரபு வகுத்த முறைதான். இதனால் இவர்களின் கலை ஒரு படி இறங்கிவிடவில்லை. சினஸ்தீசியா இல்லாமலேயே அப்படி ஒரு படைப்பைச் செய்ய முடிகிறது என்பதற்கு இவர்களே சான்று.

கையில் இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது

ஒலிக்கு நிறம் வருகிறவர் அதை வரைய உட்கார்ந்தால் முதலில் சந்திப்பது ஏமாற்றம். உள்ளே தெரிவது நகர்கிறது, ஒளிர்கிறது, இரண்டு நொடியில் மறைகிறது. தாளில் இருப்பதோ அசையாத வண்ணம். முழுப் பாட்டை எடுக்காமல் ஒரே வாத்தியத்தின் இரண்டு மூன்று நொடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, முதலில் வடிவம், பிறகு நகரும் திசை, கடைசியில் நிறம் என்று குறித்தால் பிடிபடும். வெள்ளைத் தாளைவிடக் கறுப்புப் பின்னணி உள்ள திரை ஒளிர்வுக்கு அருகில் வரும். அசைவு முக்கியம் என்றால் ஓவியத்தை விட்டு அனிமேஷனுக்குப் போவதே நல்லது.

எழுதுகிறவர்களுக்கு ஆபத்து வேறு. இரண்டு சொற்களின் நிறம் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு வரியை வைத்துக்கொள்ளத் தோன்றும். வாசகருக்கு அந்த நிறம் தெரியாது; அவருக்கு ஓசையும் பொருளும் மட்டுமே. சினஸ்தீசியா இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அந்த வரி தானாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உயர்ந்த சுரம் என்றால் வெளிர் நிறம், தாழ்ந்த சுரம் என்றால் அடர் நிறம் என்று தேர்வதில் சினஸ்தீசியர்களும் மற்றவர்களும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள் என்பது 2006இல் தெரியவந்தது. ‘பூபா’, ‘கிக்கி’ என்று இரண்டு பொருளற்ற பெயர்களைச் சொல்லி, உருண்ட வடிவம் எது, கூரான வடிவம் எது என்று கேட்டால் மிகப் பெரும்பாலோர் உருண்டதைப் பூபா என்பார்கள். இந்தப் பொது விதிகள்தான் பார்வையாளரோடு பேசும் மொழி. வார்ட் குழு இன்னொரு சோதனையில் சினஸ்தீசியர்களின் ஒலி–காட்சி இணைப்புகளை அசைபடங்களாக்கி, கூடவே அவற்றின் மாற்றிய வடிவங்களையும் சாதாரண மக்களிடம் காட்டியபோது, எது எது என்று தெரியாமலேயே அவர்கள் அசலை அதிகம் விரும்பினார்கள். ஆகவே இசைக்குக் காட்சி அமைக்கிறவர் சுர உயரத்துக்கு வெளிர்மை, ஒலியளவுக்கு உருவின் அளவு, நாதத்தின் தன்மைக்கு நிறச்செறிவும் விளிம்பும் என்று மூன்று கட்டுகளோடு ஒரு 30 நொடித் துண்டில் தொடங்கலாம். எந்த நிறம் என்பதை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். அதில்தான் ஆளுக்கு ஆள் ஒத்துப்போவதில்லை. தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஒலியில் உள்ள ஒவ்வொன்றையும் படத்தில் காட்டப் பார்ப்பது. நாலைந்து கட்டுகள் சேர்ந்ததும் பார்க்கிறவருக்கு எதுவும் எதோடும் ஒட்டாது.

பயிற்சியால் வரவழைக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் பிரிட்டனில் டேனியல் போர் குழுவினர் 13 எழுத்துகளுக்கு நிறம் கற்பித்து 9 வாரம் பயிற்சி கொடுத்தபோது, சிலருக்குக் கறுப்பு எழுத்தைப் பார்த்தாலும் நிறம் வரத் தொடங்கியது. பயிற்சி நின்று மூன்று மாதத்தில் அது பெரும்பாலும் போய்விட்டது. ‘படைப்பாற்றலைக் கூட்டும் சினஸ்தீசியா வகுப்பு’ என்று யாராவது கட்டணம் கேட்டால், இதை நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு குழந்தை ‘7 கெட்டவன், 4 நல்ல பொண்ணு’ என்றோ, ‘இந்த அ தப்பான கலர்’ என்றோ சொன்னால், திருத்தவும் வேண்டாம், உடனே ஓவிய வகுப்பில் சேர்க்கவும் வேண்டாம். என்ன நிறம் என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும். பள்ளியில் எண்களுக்கு நிறம் கொடுத்துக் கணக்குச் சொல்லித்தரும் கோல்களும் அட்டைகளும் இப்படிப்பட்ட குழந்தைக்கு இடைஞ்சல் தரக்கூடும். அதன் 3 மஞ்சளாக இருக்க, கோல் பச்சையாக இருந்தால் விடை தாமதமாகும். ஆசிரியரிடம் சொல்லி, அந்தக் குழந்தைக்கு மட்டும் கறுப்பு எண்களே உள்ள அட்டையைக் கேட்டு வாங்கலாம்.